மரம் போன வீட்டில் மரத்தின் நிறம்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. குரோம்பேட்டையில் தம்பி வீட்டுக் கூடம். சோபாவையும் டீப்பாயையும் நடுவில் ஒதுக்கிப் பழைய வேட்டியால் மூடியிருந்தார்கள். பெயின்டர் அண்ணன் டப்பாவின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். முதல் டிகாக்‌ஷன் மாதிரி, உள்ளே திக்கான பழுப்பு. குச்சியை விட்டுக் கலக்கித் தட்டில் ஊற்றினார். ஜன்னலோர நாற்காலியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னடா இது, காசு குடுத்து ராத்திரிய வாங்கிட்டு வந்திருக்கீங்க?”

தம்பி மனைவி கைப்பேசியை நீட்டினாள். “இல்ல அத்தை, அடிச்சு முடிச்சா இப்படி இருக்கும், பாருங்க.” திரையில் ஒரு கூடம். வெல்லப்பாகு நிறத்தில் சுவர், ஓரத்தில் மஞ்சள் விளக்கு, பித்தளை உருளியில் நாலு பூ. அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா இந்த வீட்ல யாரும் கீரை ஆய்ற மாதிரி தெரியலியே.”

பெயின்டர் அண்ணன் ரோலரைக் கீழே வைத்துவிட்டார். “அவசரமே இல்லம்மா. ரெண்டுக்கு ரெண்டு அடில ஒரு பேட்ச் அடிச்சு விட்டுட்டுப் போறேன். மூணு நாள் பாருங்க. காலைல பாருங்க, சாயங்காலம் பாருங்க, லைட்டப் போட்டுப் பாருங்க. புதன்கிழமை வரேன்.”

அந்த மூன்று நாளில் அந்தச் சதுரத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குள் எழுந்த கேள்விகள்தான் இந்தக் கட்டுரை. தம்பி வீட்டில் மட்டும் எழுந்த கேள்விகள் அல்ல இவை. புதுவீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் என்று நான் பேசிய பலரின் கைப்பேசியிலும் இதே போல ஒரு அடர் பழுப்புச் சுவரின் படம் இருந்தது.

இந்த ஆசை எங்கிருந்து கிளம்பியது?

வெளியிலிருந்து வந்த காற்று என்றால், அதற்குத் தேதி சொல்லலாம். நிறங்களுக்கு எண் கொடுத்து விற்கும் அமெரிக்காவின் பேன்டோன் நிறுவனம், 2025-ஆம் ஆண்டின் நிறமாக ‘மோக்கா மூஸ்’ என்ற பால் கலந்த காபி நிறத்தை 2024 டிசம்பரில் அறிவித்தது. அதற்கும் முன்பே, 2021-இன் நிறமாக ஷெர்வின் வில்லியம்ஸ் நிறுவனம் ‘அர்பேன் பிரான்ஸ்’ என்ற வெண்கலப் பழுப்பைத் தேர்ந்தெடுத்திருந்தது. 1883-இல் தொடங்கிய பெஞ்சமின் மூர் நிறுவனம் 2026-க்குச் சொன்ன ‘சில்லூவெட்’டும் இருட்டுதான். அடர்காபியில் கரித்தூள் கலந்த மாதிரி.

அதே 2026-க்குப் பேன்டோன் சொன்ன நிறம் எது தெரியுமா? ‘கிளவுட் டான்சர்’ என்ற வெள்ளை. அவர்களுக்கு வருஷம் மாறினால் நிறம் மாறும். நம் சுவரில் ஒருமுறை ஏறிய பெயின்ட் ஐந்தாறு வருஷமாவது அங்கேயேதான் இருக்கும். அதனால் ஆண்டின் நிறம் என்ற அறிவிப்பை நம்பி டப்பா வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஆசைக்கு நம் வீட்டுக்குள்ளேயே வேறொரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

■ பெட்டி: சிகரெட்டை வெறுக்கவைத்த பழுப்பு

ஆஸ்திரேலியாவில் 2012 டிசம்பர் முதல் எல்லா சிகரெட் பெட்டிகளையும் ஒரே நிறத்தில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்தது. எந்த நிறத்தைப் பார்த்தால் கை பின்வாங்கும் என்று புகைப்பவர்களிடமே ஆய்வு நடத்தி, ஒரு அடர் பழுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பேன்டோன் வரிசையில் அதன் எண் 448 சி. ‘உலகிலேயே அசிங்கமான நிறம்’ என்று பத்திரிகைகள் எழுதின. முதலில் அதை ‘ஆலிவ் பச்சை’ என்று அழைக்க, ஆலிவ் விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சிகரெட் பெட்டியில் முகம் சுளிக்கவைத்த நிறத்தின் நெருங்கிய உறவுதான் இன்று வரவேற்பறைக்கு வந்திருக்கிறது.

மரம் இருந்த இடம்

செட்டிநாட்டு வீடு ஒன்றின் வளவில் நின்றவர்களுக்குத் தெரியும். பர்மா தேக்குத் தூண்கள், கதவு, நிலை, உத்தரம் எல்லாம் எண்ணெய் குடித்த அடர் பழுப்பு. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து மெருகேற்றிய சுவர்களோ வெள்ளை வெளேரென்று இருக்கும். நடுவில் திறந்த வானம். அந்த வீடுகளில் பழுப்பு எவ்வளவு இருந்தாலும் யாரும் இருட்டு என்று சொல்லவில்லை. மரத்தை இருட்டாக விட்டவர்கள், சுவரை வெளிச்சமாக வைத்துக்கொண்டார்கள்.

தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை இன்னொரு பாடம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ள இடம். முழுக்க முழுக்க மர வேலை. தரை, கரியும் சுண்ணாம்பும் வெண்கருவும் கலந்து தேய்த்த கண்ணாடிக் கறுப்பு. அந்தக் கரி, கொட்டாங்குச்சியைச் சுட்டு எடுத்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மரச் சட்டங்களுக்கு நடுவே வெயில் கோடு கோடாக விழும். வெளியே தகிக்கும் பங்குனி மத்தியானத்தில் உள்ளே நுழைந்தால் கண் குளிரும். அந்த இருட்டைத் தேடித்தான் ஜனங்கள் போகிறார்கள்.

நம் சாதாரண வீடுகளிலும் இந்த நிறம் இருந்தது. சிவப்பு ஆக்ஸைடு தரை, தேக்கு ஊஞ்சல், மரப் பீரோ, உரல், மாடத்தில் எண்ணெய்க் கறை. பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ஆயில் பெயின்டில் பழுப்புப் பட்டை. தலையெண்ணெயும் கை அழுக்கும் தெரியக் கூடாது என்பதற்காக அடித்தது அது. இன்றைய அடுக்குமாடி வீட்டில் இவை எதுவும் இல்லை. தரை வெள்ளை டைல்ஸ், ஜன்னல் வெள்ளை யு.பி.வி.சி., சுவர் வெள்ளை, கூரை வெள்ளை. மரம் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. மண் எப்போதோ வாசலைத் தாண்டிப் போய்விட்டது. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று தம்பி மனைவி அடிக்கடி குறைபட்டுக்கொண்டதும் அந்த வெள்ளையைப் பற்றித்தான். அவள் கேட்டது பெயின்டை அல்ல, வீட்டைவிட்டுப் போன மரத்தை.

இந்த நிறத்துக்கு நம்மிடம் பெயர்களும் உண்டு. பழுத்த இலையிலிருந்து வந்த ‘பழுப்பு’. கடைக்காரர் சொல்லும் காபிப்பொடி கலர், சாக்லேட் கலர், மரக் கலர். இலங்கைத் தமிழில் ‘கபில நிறம்’, ‘மண்ணிறம்’. பெண் பார்க்கப் போன இடத்தில் தயங்கித் தயங்கிச் சொல்லப்படும் ‘மாநிறம்’. அந்தத் தயக்கம் சுவர் வரைக்கும் நீள்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ‘டார்க்கா அடிச்சா வீடு எடுக்காது’ என்று சொல்கிறவர்கள் அதே மூச்சில் பேத்தியின் நிறத்தைப் பற்றியும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

■ பெட்டி: வானவில்லில் இல்லாத நிறம்

வானவில்லில் பழுப்பைத் தேடினால் கிடைக்காது. பழுப்பு என்பது வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு. பக்கத்தில் அதைவிடப் பிரகாசமான ஒன்று இருந்தால்தான் நம் கண் அதைப் பழுப்பு என்று படிக்கும். இருட்டறையில் ஒரு பழுப்புக் கட்டத்தை மட்டும் தனியே ஒளிரவிட்டால் அது ஆரஞ்சாகத் தெரியும். அடர் பழுப்புச் சுவருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கூரையோ வெளிர் திரைச்சீலையோ இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

சுவர் குடிக்கும் வெளிச்சம்

இனி விஷயத்துக்கு வருவோம். அம்மா ஒரே வரியில் கேட்டது இதைத்தான்: கீரை ஆய வெளிச்சம் இருக்குமா?

ஒவ்வொரு பெயின்டும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஒரு எண் உண்டு. எல்.ஆர்.வி. என்பார்கள். நல்ல வெள்ளைக்கு 80-க்கு மேல். முன்பு சொன்ன ‘அர்பேன் பிரான்ஸ்’ வெறும் 8. விழும் நூறில் தொண்ணூற்றிரண்டைச் சுவர் குடித்துவிடும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. அறைக்குள் வெளிச்சம் ஒருமுறை பட்டு நின்றுவிடுவதில்லை; சுவருக்குச் சுவர், தரைக்குக் கூரை என்று துள்ளிக்கொண்டே இருக்கும். தரை, கூரை, நாலு சுவர், ஆறும் ஒரே அளவுள்ள ஒரு காலி அறையை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கமும் 80 சதவீதம் திருப்பித் தந்தால், துள்ளலெல்லாம் சேர்ந்து அந்த அறையில் பல்ப் தருவதைப் போல ஐந்து மடங்கு வெளிச்சம் சுற்றும். ஒரே ஒரு சுவருக்கு அடர் பழுப்பு அடித்தால் அது மூன்று மடங்காகக் குறையும். நாலு சுவருக்கும் அடித்துவிட்டால் ஒன்றரை மடங்குதான். சாமான்கள் நிறைந்த நிஜ வீட்டில் எண்கள் மாறும். சரியும் போக்கு மாறாது. ஒரு சுவர் என்பது ருசி. நாலு சுவர் என்றால் அந்த அறையின் விளக்குகளையே புதிதாக யோசிக்க வேண்டும்.

இந்த இழப்பு எல்லார் கண்ணுக்கும் ஒன்றல்ல. வயது ஏற ஏற கண்பாவை சுருங்கும், விழிலென்ஸ் மஞ்சளாகும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போய்ச் சேர்கிறது. மகனுக்கு ‘மூடு லைட்டிங்’காக இருக்கும் கூடம் அம்மாவுக்கு மாத்திரை அட்டையின் எழுத்து தெரியாத கூடம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் உட்காரும் நாற்காலியை வைத்துத்தான் நிறத்தை முடிவு செய்ய வேண்டும் என்பேன். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

அவர்களுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. வெள்ளைச் சுவரில் வெள்ளை சுவிட்ச் போர்டு கரைந்துவிடும். பழுப்புச் சுவரில் பளிச்சென்று தெரியும். பக்கத்துப் பக்கத்துப் பரப்புகளுக்குள் எல்.ஆர்.வி. எண்ணில் 30 புள்ளியாவது வித்தியாசம் இருந்தால் பார்வை குறைந்தவர்கள் எளிதாகப் பிரித்தறியலாம் என்று பிரிட்டனின் கட்டட அணுகல் நெறிகள் சொல்கின்றன. ஆக, பழுப்புச் சுவரில் பழுப்புக் கதவு வேண்டாம். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிறவருக்குக் கதவு எங்கே என்று தெரிய வேண்டும்.

அடுத்தது விளக்கு. நம் வீடுகளில் இரவு என்றால் டியூப்லைட் வெளிச்சம். பெரும்பாலும் அட்டையில் 6500 கெல்வின் என்று அச்சிட்ட நீலவெள்ளை. அந்த வெளிச்சத்தில் பழுப்புக்குள் இருக்கும் சிவப்பும் மஞ்சளும் செத்துப்போய், சுவர் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். படங்களில் நாம் பார்த்து மயங்குவதெல்லாம் 2700, 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் எடுத்தவை. திங்கட்கிழமை இரவு தம்பி வீட்டில் டியூப்லைட்டைப் போட்டபோது அந்தச் சதுரம் ஈரச் சேறு போல இருந்தது. தம்பி மனைவிக்கு முகமே வாடிவிட்டது. செவ்வாய்க்கிழமை பக்கத்துத் தெரு எலெக்ட்ரிக்கல் கடையில் 3000 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு) 90 என்று போட்ட ஒரு பல்பு வாங்கி மாட்டினோம். சேறு தேக்காக மாறியது. வேறு ஒன்றும் செய்யவில்லை, பல்பை மட்டும்தான் மாற்றினோம். பெயின்டுக்கு முன்னால் பல்பை வாங்குங்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

லண்டன் யோசனை சென்னைக்கு ஆகாது

வெளிநாட்டுப் பத்திரிகைகள் ‘வடக்கு பார்த்த அறைக்கு வெயிலே வராது, அதற்கேற்ப நிறம் தேர்ந்தெடுங்கள்’ என்று எழுதும். அது லண்டனுக்குச் சரி. சென்னை நிலநடுக்கோட்டிலிருந்து 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நம் வடக்கு ஜன்னலில் கோடையில் வெயில் எட்டிப் பார்ப்பதும், டிசம்பரில் தெற்கு ஜன்னல் வழியாக அது உள்ளே நீண்டு படுப்பதும் இதனால்தான். அடர் பழுப்புக்கு நம் ஊரில் மிகப் பொருத்தமான வெளிச்சம் மேற்கு வெயில். மாலை நாலரை மணிக்குச் சாய்ந்து வரும் மஞ்சள் ஒளியில் இந்த நிறம் உயிர் பெறும். வாஸ்து பார்க்கிறவர்கள் தென்மேற்குக் கன்னி மூலையை மண்ணுக்கு உரியதாகச் சொல்லி, அங்கே பழுப்பு வகை நிறங்களைச் சிபாரிசு செய்கிறார்கள். நம்புகிறவர்களுக்கு நம்பிக்கையும் வெயிலும் ஒரே மூலையில் சேர்ந்து கிடைக்கின்றன.

‘டார்க் கலர் சூடு’ என்ற பயத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சுவருக்கும் மொட்டைமாடிக்கும் அது உண்மை. நேர் வெயிலைக் குடிக்கும் அடர் நிறம் வீட்டை வேகவைக்கும். உள்சுவரில் வெயில் நேராகப் படாதவரை, பெயின்ட் நிறத்தால் அறை சூடாகிவிடாது.

காட்டிக்கொடுக்கும் சுவர்

அடர் நிறம் அழுக்கை மறைக்கும் என்பது ஆயில் பெயின்ட் காலத்து நம்பிக்கை. கறுப்பு அழுக்கை மறைக்கும், சரி. வெள்ளை அழுக்கை?

வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தரைத்தள வீடுகளின் சுவரில் உப்பு பூப்பது நமக்குப் பழக்கம். வெள்ளைச் சுவரில் அது கையால் தடவினால்தான் தெரியும். பழுப்பில் தேமல் மாதிரி எழுந்து நிற்கும். பல்லி எச்சத்தின் வெள்ளை நுனி, ஒட்டடை, மின்விசிறி சுழற்றி ஒட்டும் தூசி, பட்டி பார்த்ததில் விட்ட மேடு பள்ளம் எல்லாமே வெளியே வரும். ஓதம் இருக்கும் சுவருக்கு இந்த நிறம் அடிப்பது காசைத் தண்ணீரில் போடுவதுதான். முதலில் கசிவை நிறுத்த வேண்டும், பிறகு சுவர் காய வேண்டும், அதற்குப் பிறகுதான் நிறம். ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்க்கச் சொல்வேன்.

அப்புறம் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள் இருட்டான மூலைகளில், அடர் நிறப் பரப்புகளில் ஒதுங்கும். 2022-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்றில், மூச்சுக்காற்றின் கரியமில வாயுவை முகர்ந்த ஏடிஸ் கொசுக்கள் சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, சயான் நிறங்களை நோக்கிப் பறந்தன. பச்சை, ஊதா, நீலம், வெள்ளையைக் கண்டுகொள்ளவில்லை. அது சுவர் பெயின்டை வைத்துச் செய்த சோதனை அல்ல. ஆனால் பழுப்புச் சுவரில் உட்கார்ந்த கொசுவை நம்மால் பார்த்து அடிக்க முடியாது என்பதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை. குழந்தை தூங்கும் அறையில் கட்டிலை ஒட்டிய சுவருக்கு இது வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

■ பெட்டி: பெயின்டர் அண்ணன் சொன்னவை

அடர் நிறத்தை வெள்ளை பேஸில் கலக்க முடியாது. அதற்கென்று தனி பேஸ் உண்டு. அதில் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளைப் பொடி இருக்காது, அல்லது கொஞ்சமே இருக்கும். மெஷினில் சேர்க்கும் நிறச்சாறு அதிகம், அதனால் லிட்டருக்கு விலையும் அதிகம். தேவையான மொத்த அளவையும் ஒரே நாளில், ஒரே கடையில் கலந்து வாங்குங்கள். மறுபடி கலந்தால் ஒரு மயிரிழை மாறும், சுவரில் அது தெரியும்.

முழு மேட் அடித்தால் சுவரின் மேடு பள்ளம் மறையும், ஆனால் ஈரத்துணியால் தேய்த்த இடம் பளபளக்கும். ஷைன் அடித்தால் துடைக்கலாம், பட்டியின் குறை தெரியும். ஒரு சுவரைத் தொடங்கினால் நடுவில் டீக்குப் போகக் கூடாது; காய்ந்த ஓரத்தில் மறுபடி ரோலர் பட்டால் ஜாயின்ட் கோடு விழும். அடிக்கும்போது ஃபேன் வேண்டாம்.

தேய்ப்பதற்கு முன்

அலங்காரக் கட்டுரைகள் தொடாத, தொட்டே ஆக வேண்டிய ஒன்று. புது நிறம் பிடிக்கப் பழைய சுவரையும் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். நம் நாட்டில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது. 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பூச்சுகளில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில் ஈயம் இருந்திருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் அது தூசியாகப் பறந்து தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தையின் மூளைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை. தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும் நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். தேய்ப்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். நாள் முழுக்க அந்தத் தூசியில் நிற்பவர் அவர்.

இந்தப் புதுப் பழுப்பைப் பற்றி அந்தப் பயம் குறைவு. பெரும்பாலும் இதன் உயிர் இரும்பு ஆக்ஸைடு, அதாவது நம் காவியின் உறவு. விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறைகளில் ஆதி மனிதர்கள் தீட்டியதும் அதே இரும்புதான். வெயிலுக்கு வெளுக்காத நிறம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஓனரிடம் எழுத்தில் வாங்காமல் அடிக்காதீர்கள். பழுப்பை மறுபடி வெள்ளையாக்கப் பிரைமரும் அதன்மேல் இரண்டு மூன்று கோட்டும் வேண்டும். அந்தச் செலவு காலி செய்யும் நாளில் அட்வான்ஸிலிருந்துதான் கழியும். அலமாரி ஒன்றின் பின்பலகைக்கு மட்டும் இந்த நிறம் அடித்துப் பார்த்த ஒரு தோழி வீட்டில், ஆசையும் தீர்ந்தது, அட்வான்ஸும் தப்பியது.

புதன்கிழமை

பெயின்டர் அண்ணன் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். அதற்குள் எங்கள் முடிவு தயாராகியிருந்தது. ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒன்றுக்கு மட்டும் பழுப்பு. மற்ற மூன்றும் கூரையும் வெள்ளை. அம்மாவின் நாற்காலிக்கு மேலே டியூப்லைட் அப்படியே இருக்கும். பழுப்புச் சுவரை நோக்கி இரண்டு மஞ்சள் விளக்குகள், தனி சுவிட்சோடு.

சாயங்காலம் இரண்டாவது கோட் காய்ந்த பிறகு, தம்பி மகள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று பாட்டியைக் கூப்பிட்டுப் படம் எடுத்தாள். இந்த வீட்டில் எடுத்த படங்களிலெல்லாம் அம்மாவின் முகம் இருண்டே இருக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கைப்பேசிக் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தையே மங்கலாக்கிவிடும், மாநிறம் கறுத்துப்போகும். இருண்ட சுவருக்கு முன் அது தன்னைத் திறந்துகொள்கிறது. இந்தப் படத்தில் அம்மாவின் நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, கண்ணோரச் சிரிப்பு வரைக்கும் தெரிந்தது.

அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பெட்ரூமுக்குள் போய், அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்தாள். சந்தனம் காய்ந்த கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள்.

பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெயின்டர் அண்ணன் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். “ஒரு வாரம் காயட்டும்மா, நானே வந்து மாட்டித் தரேன். ஆணி எங்க அடிக்கணும்னு மட்டும் காட்டுங்க.”

சுவரில் விரல் படாமல், காற்றிலேயே ஓர் இடத்தைக் காட்டினாள் அம்மா.